பதினைந்து மணி நேரமும் அரை மணி நேரமும்

அறிவியல் வரலாற்றில் கருவிகளுக்கு ஆண்டு உண்டு, கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் உண்டு. அந்தக் கருவிகளின் முன்னால் யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள், அந்த நேரத்தை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. ஒளியை ஒரு பொருளின் மீது செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு அந்தப் பொருளின் உள்ளே நடப்பதைப் படிக்கும் கலைக்கு நிறமாலையியல் என்று பெயர். இயற்பியல் கற்பிக்கும் நான் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதன் வரலாற்றை நேரத்தின் வரலாறாகப் படிக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அப்படிப் படித்தால், பாடப்புத்தகத்தில் இல்லாத சில பெண்கள் நடுவில் வந்து நிற்கிறார்கள்.

முதலில் பெங்களூரு. 1928ல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் திரவங்களின் வழியே ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டார்கள். மாறிய அளவைக் கொண்டு மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பகுதி மிக மிகச் சிறியது. லேசர் பிறக்க இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. பாதரச ஆவி விளக்கின் ஒளியைக் குவித்து, சிதறி வரும் மங்கலான வெளிச்சத்தைப் புகைப்படத் தகட்டில் விழவைத்து, தகட்டில் கோடு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து நிறமாலையியல் பெரும்பாலும் காத்திருப்புதான்.

1940ல் அன்னா மணி பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களின் ஒளிர்வை ஆராய்வது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை எடுத்துக்கொண்டார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைக்க வேண்டும், தகட்டைப் பதினைந்திலிருந்து இருபது மணி நேரம்வரை திறந்துவைக்க வேண்டும். சில நாட்கள் இரவு முழுவதும் ஆய்வகத்திலேயே கழிந்தன. அதே ஆய்வகத்தில் சுனந்தா பாய் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இந்த இரு பெண்களுக்கும் கருவிகள் கிடைத்தன. மணிக்கணக்கில் நின்று வேலை செய்யத் தடை இருக்கவில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. ஆணும் பெண்ணும் பேசிப் பழகுவதை ராமன் விரும்பவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, சண்டையிட்டு, தவறுகளைத் திருத்திக்கொள்ளும் உரையாடல் இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை. இந்த வரலாற்றை ஆவணங்களிலிருந்தும் நேர்காணல்களிலிருந்தும் மீட்டுக்கொடுத்தவர் அபா சுர். ராமனின் ஆய்வகத்தில் சாதியும் பாலினமும் எப்படி இயங்கின என்று அவர் எழுதிய நூல் 2011ல் வெளியானது.

அன்னா மணி வைரங்களைப் பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945 ஆகஸ்டில் தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சிறப்புப் பாடத்தில் இளங்கலை முடித்து, உதவித்தொகை பெற்று ஆராய்ச்சிக்கு வந்தவர். அந்த ஏடு மற்ற ஏடுகளைப் போலவே கட்டப்பட்டு, இன்று ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது. அலமாரியில் பார்த்தால் எந்த ஏட்டுக்குப் பட்டம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை. இளம் வயதிலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தின் மேல் கதை கட்டுவது அவருக்கு நியாயம் செய்யாது. திரவங்களில் அவர் பார்த்த வேலையைப் பற்றிப் பேசுவது ஓரளவு செய்யும்.

திரவம் என்பது வினோதமான பொருள். படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கும், வாயுவில் தனித்தனியாகப் பறக்கும். இரண்டையும் கணக்கில் அடக்குவது ஒப்பீட்டளவில் எளிது. திரவத்தில் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கின்றன, ஆனால் நகரவும் செய்கின்றன. ஒளி அதன் வழியே போகும்போது, நிறம் மாறாமல் சிதறும் கோட்டின் இருபுறமும் மங்கலான ஒரு விரிவு தெரியும். இறகு விரித்ததுபோல இருப்பதால் அதைச் சிறகு என்றே அழைத்தார்கள். மூலக்கூறுகள் தள்ளாடுவதும் புரள்வதும் அந்தச் சிறகில் பதிவாகின்றன. எவ்வளவு வேகமாகப் புரள்கின்றனவோ அவ்வளவு அகலமாகச் சிறகு விரியும். ஆனால் தகட்டில் கிடைப்பது மணிக்கணக்கான நேரத்தின் மொத்தக் கூட்டல். ஒரு மூலக்கூறு ஒருமுறை புரண்டதை அதில் தனியே காண முடியாது.

1960ல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அதே ஆண்டின் இறுதியில் அலி ஜவான் குழுவினர் ஹீலியம்-நியான் வாயு லேசரை உருவாக்கினார்கள். ஒரே நிறம், ஒரே திசை, மிகுந்த செறிவு என்று புதிய ஒளி கிடைத்துவிட்டது. பதினைந்து மணி நேரக் காத்திருப்பு மெல்ல மெல்ல நிமிடங்களாகச் சுருங்கியது. கருவியின் நேரம் சுருங்கியது சரி. பெண்ணின் நேரம் என்ன ஆனது?

அதே 1960ல் மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஏழைக் குடியேறிகளின் மகளாக வளர்ந்தவர். அதற்கு முன்பு கணவர் ஜீன் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி அன்று பல நிறுவனங்களில் இருந்தது. விதியின் வாசகம் இருபாலருக்கும் பொது. வெளியே நின்றவர்கள் மட்டும் ஏறக்குறைய எப்போதும் மனைவிகள்தான்.

1964க்குள் அவருக்கு நான்கு குழந்தைகள். ஆய்வகத்தில் வேலை காலை 8 மணிக்குத் தொடங்கும். நான்கு குழந்தைகளையும் கவனித்துவிட்டு அவர் வந்து சேர 8.30 ஆகிவிடும். அந்த அரை மணி நேரத்துக்காக அவர் மேல் விமர்சனம் வந்தது. அவர் மாலையில் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்பது அங்கே பேச்சாகவில்லை. 1967ல் அவர் எம்.ஐ.டி.க்கு வருகைதரு பேராசிரியராகப் போனார். பெண் அறிஞர்களை ஊக்குவிக்க ராக்ஃபெல்லர் குடும்பம் ஏற்படுத்திய இருக்கை அது, குடும்பத்தின் மகளான ஏபி ராக்ஃபெல்லர் மோஸேயின் பெயரில் இருந்தது. அடுத்த ஆண்டே எம்.ஐ.டி. அவரை நிரந்தரப் பேராசிரியராக்கியது.

அந்த 1968ல்தான் அவருடைய முக்கியமான லேசர் ஆய்வும் வெளிவந்தது. ஆராய்ந்த பொருள் கிராஃபைட், நம் பென்சிலில் இருப்பது. குறைக்கடத்திகளின் பக்கத்து வீட்டுக்காரர் என்று அதைச் சொல்லலாம். அதிலும் மின்னோட்டத்தை இரண்டு வகைத் துகள்கள் சுமக்கின்றன. ஒன்று எலெக்ட்ரான். மற்றொன்று எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடமான துளை. துளை நேர்மின்சுமை கொண்ட துகள்போல நடந்துகொள்ளும். காந்தப்புலத்தில் இவை எதிரெதிர்த் திசையில் சுழலும். ஆகவே வலப்புறமாகச் சுழலும் ஒளியை ஒருமுறையும் இடப்புறமாகச் சுழலும் ஒளியை ஒருமுறையும் பாய்ச்சினால், எது எலெக்ட்ரான், எது துளை என்று பிரித்துவிடலாம். சாதாரண அகச்சிவப்பு விளக்கில் இதைச் சரியாகச் செய்வது கடினம். எம்.ஐ.டி.யில் இருந்த ஜவானின் லேசர் அதைச் சாத்தியமாக்கியது.

மாணவர் பால் ஷ்ரோடர், டிரெஸ்ஸல்ஹாஸ், ஜவான் மூவரும் செய்த சோதனையின் முடிவு எல்லோருடைய புரிதலையும் தலைகீழாக்கியது. அதுவரை எலெக்ட்ரான் இருப்பதாக நினைத்த இடத்தில் துளையும், துளை இருப்பதாக நினைத்த இடத்தில் எலெக்ட்ரானும் இருந்தன. பல ஆண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகளின் அடையாளங்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இந்த இடத்தை மாணவிகளிடம் சொல்லும்போது நான் சற்று நிறுத்துவேன். காலையில் அரை மணி நேரம் தாமதமாக வருகிறார் என்று குறைசொல்லப்பட்ட பெண், துறையே தவறாக வைத்திருந்த ஒன்றை நேராக்கியிருக்கிறார்.

பிறகு அவர் கார்பன் நானோகுழாய்களுக்குப் போனார். ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்றவை அவை. சுருட்டும் கோணத்தைப் பொறுத்து ஒரு குழாய் உலோகம்போல நடக்கும், இன்னொன்று குறைக்கடத்தியாகும் என்று 1992ல் அவரும் சக ஆய்வாளர்களும் கணித்தார்கள். அந்தக் குழாய்களை அடையாளம் காணக் கிடைத்த சிறந்த கருவிகளில் ஒன்று, லேசரைக் கொண்டு செய்யும் ராமன் சிதறல். மூச்சு விடுவதுபோலக் குழாய் விரிந்து சுருங்கும் அதிர்வின் அளவிலிருந்து அதன் விட்டத்தைக் கணக்கிடலாம். பெங்களூருவில் அன்னா மணியின் மேசைக்கு அருகில் நடந்த அதே இயற்பியல்தான் இது.

மூன்றாவது ஆய்வகம் கனடாவின் டொராண்டோவில். லண்டனில் பிறந்து கனடாவுக்குப் போன ஜெரால்டின் கென்னி-வாலஸ், 1974ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மீவேக லேசர் ஆய்வகத்தை நிறுவினார். கனடியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைந்த முதல் மீவேக லேசர் ஆய்வகம் அது. சுனந்தா பாய் ஆராய்ந்த திரவங்களே இங்கும் கேள்வி. கருவிதான் வேறு. இங்கே ஒளி தொடர்ச்சியாக வருவதில்லை, துடிப்புகளாக வருகிறது. ஒரு நொடியை ஆயிரம் கோடியாக வகுத்து, அதை மேலும் ஒரு லட்சமாக வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. நூறு ஃபெம்டோ நொடிக்கும் குறைவாக மின்னி மறையும் துடிப்புகளை அவர்கள் கையாண்டார்கள்.

முதல் துடிப்பு திரவத்தின் மூலக்கூறுகளை ஒரு பக்கமாகச் சற்றே திருப்பிவிடும். சிறிது இடைவெளி விட்டு இரண்டாம் துடிப்பை அனுப்பி, அவை இன்னும் திரும்பி நிற்கின்றனவா, பழையபடி கலைந்துவிட்டனவா என்று பார்க்கலாம். இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், மூலக்கூறு புரளும் கதையைக் கணம் கணமாக எழுதிவிடலாம். டேல் மக்மாரோ, வில்லியம் லாட்ஷா ஆகியோருடன் அவர் 1988ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. கார்பன் டைசல்ஃபைடு போன்ற எளிய திரவத்திலேயே பல இயக்கங்கள் அடுக்கடுக்காக நடப்பதை அது பிரித்துக் காட்டியது. முதலில் எலெக்ட்ரான்கள் உடனே எதிர்வினை செய்கின்றன. பிறகு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறுகளின் நெருக்கடிக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. கடைசியில் மெல்லப் புரண்டு பழைய ஒழுங்கின்மைக்குத் திரும்புகிறது. மெல்ல என்றாலும் ஓரிரு பிக்கோ நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். தகட்டில் மங்கலாகத் தெரிந்த சிறகும் இதுவும் ஒரே செய்தியின் இரண்டு வடிவங்கள். அங்கே நிறத்தின் விரிவாகத் தெரிந்தது, இங்கே நேரத்தின் ஓட்டமாகத் தெரிகிறது. கென்னி-வாலஸ் 1990ல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்.

மூன்று ஆய்வகங்களையும் வரிசையாக வைத்தால், ஒளி வேகமாக வேகமாகப் பெண்களுக்கும் கதவு தானாகவே திறந்தது என்று தோன்றும். அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். லேசரால் எந்த விதியும் மாறவில்லை. டிரெஸ்ஸல்ஹாஸுக்கு வழி கிடைத்தது ஒரு இருக்கையால், அதற்காக ஒதுக்கப்பட்ட பணத்தால். கிடைத்த பிறகு அவர் 1970களில் எம்.ஐ.டி.யில் எமிலி விக் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து, மாணவிகளும் பெண் ஊழியர்களும் கூடிப் பேசும் அரங்கு ஒன்றை உருவாக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவில் இரு பெண்களுக்கு இல்லாமல் போனது இந்தப் பேச்சுதான்.

அன்னா மணி தன்னைப் பாதிக்கப்பட்டவராகச் சித்திரிப்பதை விரும்பியதில்லை. பட்டம் இல்லாதது தனக்கு ஒரு குறையல்ல என்றே சொன்னார். 1945ல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் படித்தார், 1948ல் திரும்பி வந்து புனேயில் அந்தக் கருவிகளை இந்தியாவிலேயே தயாரிக்கும் பணியை வழிநடத்தினார். அவருடைய கம்பீரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் புகார் சொல்லவில்லை என்பதால் பல்கலைக்கழகத்தின் கணக்கு நேராகிவிடாது. அவர் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை, நாம் கேட்பது நம்முடைய வேலை.

இன்று ஆராய்ச்சிக்குச் செல்லும் மாணவிகள் எந்தக் கருவி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். நல்ல கேள்வி. கூடவே இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். இரவில் அந்தக் கருவி யாருடைய பொறுப்பில் இருக்கும்? விடுதி எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? தேநீர் நேரத்துப் பேச்சில் உங்களுக்கு இடம் உண்டா? குழந்தை பிறந்த பிறகு உதவித்தொகை எத்தனை மாதம் தொடரும்? இவற்றை இயற்பியலுக்கு வெளியே இருக்கும் கேள்விகள் என்று யாராவது சொன்னால், பதினைந்து மணி நேரம் திறந்திருந்த அந்தத் தகட்டையும், அரை மணி நேரத்துக்காகக் குறைசொல்லப்பட்ட அந்தக் காலையையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.