நம் உண்கலத்தின் வரலாறு

அரசர் அளித்த கொடைகளையும் ஆலயப் படையல்களையும் கல்வெட்டுகள் கூறும். திருவாடானை வட்டத்தில் நெல் விளைவித்த நம் முன்னோர் நாள்தோறும் எதனை உண்டனர் என்பதை எவரும் கல்லில் வெட்டவில்லை. வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அதனை நாமே எழுதிவைத்தல் கடமை எனக் கருதுகிறோம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் நெல் மிகுதியாக விளையும் பகுதி நம் வட்டம். வடகிழக்குப் பருவமழையும் கண்மாய்களுமே அதற்கு ஆதாரம். ஆயினும் விதைத்து, களையெடுத்து, அறுத்து, அடித்துக் கொடுத்தவர் வீட்டில் அறுப்புக் காலத்திலும் பண்டிகையிலுமே நெல்லுச்சோறு வெந்தது. கூலிநெல் தீர்ந்தபின் வரகும் கேழ்வரகும் கம்பும். அவையும் குறைந்தபோது பனங்கிழங்கு. வயலில் தானே முளைத்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. கண்மாய் வற்றுங்கால் கெளுத்தி, குரவை, அயிரை. வயல் நண்டு, நத்தை. தொண்டிக் கரையிலிருந்து தலைச்சுமையாக வந்த கருவாடு. நத்தையைச் சொல்ல நாம் நாணவேண்டியதில்லை. நம்மை வளர்த்தது அது. வகைகளை மட்டும் எண்ணி, அக்காலத்து ஏழை வளமாக உண்டான் என்று பெருமை பேசுவோர் இன்று உளர். கஞ்சியின் அளவையும் பசித்த மாதங்களையும் அவர்கள் எண்ணுவதில்லை.

உணவு குறைந்ததற்கு வானத்தை மட்டும் பழித்தல் தகாது. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், நிலவுடைமைச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். வீட்டில் மண்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கலாகாது, மாடு மேய்க்கவேண்டும்; சொந்த நிலத்தை மிராசுதாரருக்கே விற்றுவிடவேண்டும்; விற்காதோர் வயலுக்கு நீர் இல்லை; மழைநீரால் ஏதேனும் விளைந்தாலும் அறுவடையில் அது பறிக்கப்படும்; நாட்கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்துள்ளார். நிலமும் நீரும் பள்ளியும் ஒரே பட்டியலில் தடுக்கப்பட்டமையை நோக்குக. உலையில் எது வேகவேண்டும் என்பதை அடுப்பங்கரைக்கு வெளியே இருந்தோர் முடிவு செய்தனர்.

பின்னர் வந்த மாற்றம் ஒரே சீரானதன்று. கண்மாய் மீன் மீன்பாசிக் குத்தகைக்குப் போயிற்று. தரிசுகளைச் சீமைக்கருவேல் மூடிற்று. கரிமூட்டம் கைக்காசு தந்தது, கீரை தரவில்லை. வரகு விதைப்போர் அருகினர். மறுபுறம் நியாயவிலைக்கடை அரிசி வந்தது. 2007இல் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைத்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. முன்னோர் ஏங்கிய அரிசிச்சோறு மூவேளையும் வந்தது. ஆனால் அதனுடன் உண்ணும் தொடுகறி மெலிந்தது.

பள்ளி இங்கே ஆற்றிய தொண்டு பெரிது. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று சத்துணவாயிற்று. 1984 செப்டம்பரில் அது பத்து முதல் பதினைந்து வயதினர்க்கும் கிட்டியபோது நாம் உயர்நிலை வகுப்பு மாணவர். நண்பகலில் வெறுவயிற்றுடன் வேப்பமரத்தடியில் அமர்ந்திருத்தல் அன்றோடு ஒழிந்தது. 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை; 2010 முதல் வாரத்திற்கு ஐந்து. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கிற்று. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், நம்மவர் ஒருவர் சமைக்கலாகாது என்று சிலர் எதிர்த்ததை மறப்பதற்கில்லை.

பத்து உணவுத் தொகுதிகளுள் ஐந்தேனும் ஒரு நாளில் ஒரு பெண்ணுக்கு வேண்டும் என்பது உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அளவுகோல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை என 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. தாய்மார் கூட்டங்களில், முந்தைய நாள் உண்டதைச் சொல்லுங்கள் என்று நாம் கேட்பதுண்டு. சோறு, புளிக்குழம்பு என்பதோடு பலர் நிறுத்திவிடுவர். மீனும் முட்டையும் வாங்கினீர்களா எனில், வாங்கினோம், பிள்ளைகளுக்கும் அவருக்கும் வைத்தோம் என்பர்.