எழுத்துருவுக்குப் போட்ட பூட்டு

தாமல் என்ற ஊர்ப்பெயரைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, எச், கே, ஒய் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையோரம் பெரிய ஏரியோடு இருக்கும் ஊர் அந்தத் திரையில் காணாமல் போய்விடுகிறது. கோப்பில் தமிழே இல்லை என்பதுதான் காரணம். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே அதில் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. யூனிகோடு பரவும்வரை தமிழ்க் கணிமை பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு நிறுவனமும் 'த'வுக்கு ஓர் எண், 'ம'வுக்கு ஓர் எண் என்று தன் போக்கில் வைத்துக்கொண்டது. தமிழ் ஆவணங்கள் கணினி விட்டுக் கணினி போக முடியாமல் முடங்கியதற்கு நம் எழுத்துமுறையின் சிக்கலைக் குறை சொல்வது வழக்கம். அது சரியல்ல. தேவையான உருவங்கள் அத்தனையும் 256 இடங்களுக்குள் அடங்கத்தான் செய்தன. எழுத்துருவையும், எழுத்துக்கு எண் வைக்கும் குறியேற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்ற உரிமமுறைதான் முடக்கியது.

அந்நாளைய டிடிபி கடைகளில் விலையுயர்ந்த தமிழ் மென்பொருளோடு 'டாங்கிள்' என்ற சிறு பூட்டும் வரும். அச்சுப்பொறிக்கான துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும். ஒரு பூட்டு, ஒரு கணினி. மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டிருந்தால் மேக் வைத்திருப்பவருக்கும் லினக்ஸ் வைத்திருப்பவருக்கும் வழியில்லை. தான் வாங்கியது ஓர் எழுத்துரு என்றே கடைக்காரர் நினைத்திருப்பார். உண்மையில் தான் அடிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொருவரின் எண் அட்டவணையிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

இதை உடைக்கும் முயற்சிகள் தமிழர்களிடமிருந்தே வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குத் தடையில்லாமல் மாறியதற்குக் காரணம், அட்டவணை எல்லோர் கையிலும் இருந்ததுதான். தமிழா குழுவின் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளின் கதை இன்னும் தெளிவான சான்று. அதன் முதல் பதிப்புகள் டவுல்டெசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன் என்ற உரிம மென்பொருளின்மேல் ஓடின. தமிழ் விசைப்பலகையை இலவசமாகக் கொடுத்தாலும் அடியில் இருந்த இயந்திரம் இன்னொருவருடையது. மூன்றாம் பதிப்பில் அதைக் கைவிட்டு, முழுவதையும் திறந்தமூலமாகத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

உழைத்துச் செய்தவர்கள் விற்றதில் என்ன தவறு, அவர்கள் இல்லாவிட்டால் கணினியில் தமிழ் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுத்துரு வரைவது கலை, அதற்கு விலை உண்டு. ஆனால் எண் அட்டவணை கலைப்படைப்பல்ல, பொதுவழக்கு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பொறித்தவரின் கைத்திறன் அவருடையது. எழுத்து எவர் உடைமையாகவும் இருக்கவில்லை. அதனால்தான் 1,100 ஆண்டுகள் கழித்தும் அதைப் படிக்கிறோம். பொதுக் குறியேற்றம் வந்தால் வணிகம் அழியும் என்ற அச்சத்துக்கு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளே பதில்: அது டிஸ்கியை ஏற்றது, பிறகு யூனிகோடையும் ஏற்றது, விற்பனைப் பொருளாகவும் நிலைத்தது.

யூனிகோடும் அமெரிக்க நிறுவனங்கள் கூடிச் செய்ததுதானே, அதில் தமிழுக்கு 128 இடம்தானே என்பது அடுத்த மறுப்பு. இடக்குறைவு உண்மை. 'தா' என்ற ஒரே எழுத்துக்கு அங்கே இரண்டு குறியீடுகள் வேண்டும். எல்லா எழுத்துக்கும் தனியிடம் கேட்ட டேஸ்16 என்ற குறியேற்றம் அந்தக் குறையிலிருந்து பிறந்ததே. இருந்தும் யூனிகோடு அட்டவணையைப் பயன்படுத்த யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம், எந்த இயங்குதளத்திலும் அது ஒன்றே. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் தமிழ் யூனிகோடு வந்தபோதே எல்லோரும் மாறிவிடவில்லை; பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாததால் அச்சகங்கள் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களிலேயே நின்றன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்து, அது இயங்காத இடங்களுக்கு டேஸ்16ஐ வைத்தது. என் கணிப்பில் சரியான வரிசை அது, பத்தாண்டு தாமதமாக வந்தது.

பழைய கோப்புகள் இன்னும் பல அச்சகங்களின் குறுவட்டுகளில் கிடக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் விலையில்லாமல் வந்தவை. உங்கள் ஊர்க் கோயில் மலரோ, பள்ளி ஆண்டுமலரோ, ஊர் வரலாறோ அப்படிக் கிடந்தால், அந்த எழுத்துருவின் பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே அதை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.