மொர்தெகாய் கப்லனும் யூத சமய வாழ்வும்

யூத சமயத்தில் ஆண்பிள்ளை பதின்மூன்று வயது நிரம்பியதும் இறைகட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன் ஆகின்றான். அக்காலத்தே அவன் செபக்கூடத்திலே சபையோர் முன் அழைக்கப்பட்டுத் தோரா என்னும் திருமறையை ஓதுவான். இச்சடங்கிற்குப் பார் மிட்ஸ்வா என்று பெயர். பெண்பிள்ளையோ பன்னிரண்டு வயதிலேயே அப்பொறுப்பை எய்துகின்றாள் என்பது சமய நூலோர் துணிபு. ஆயினும் பொறுப்பு வந்ததேயன்றி அழைப்பு வரவில்லை. பக்தாத்திலும் இத்தாலியிலும் அந்நாளைச் சிறப்பிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓரளவு இருந்ததுண்டு. சபை நடுவே மறையோதும் உரிமை மட்டும் ஆண்களுக்கே இருந்தது.

இன்று அமெரிக்க யூத சபைகள் மிகப் பலவற்றில் பெண்பிள்ளைகளின் பாட் மிட்ஸ்வா வியப்பிற்குரிய செய்தியன்று. அதற்கு வழி திறந்தவர் மொர்தெகாய் கப்லன் என்னும் ரபி. அவருடைய இறையியலை ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலரே என்பதுதான் வியப்பு.

கப்லன் 1881ஆம் ஆண்டு லிதுவேனியாவிலே பிறந்தார். எட்டு வயதிலே, 1889இல், தாயுடன் அமெரிக்கா சேர்ந்தார். நியூயோர்க்கிலுள்ள யூத இறையியற் கல்லூரியில் பயின்று, 1909 முதல் 1963 வரை அங்கேயே ஆசிரியராக விளங்கினார். கல்லூரி மரபு பேணுவது. ஆசிரியரோ மரபை ஓயாது வினாவியவர். ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இருதிறத்தாரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டமை இருவர்க்கும் பெருமையே.

அவர் மனத்தை வருத்திய வினா எளிமையானது. பழைய ஐரோப்பாவிலே யூதன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தன் சமூகத்திற்கு உட்பட்டவன். அரசும் அவனை அவ்வாறே நடத்தியது. அமெரிக்காவிலோ அவன் தனிக் குடிமகன். செபக்கூடத்திற்குப் போகாவிட்டால் கேட்பார் எவருமில்லை. பள்ளியில் விஞ்ஞானமும் வரலாறும் கற்ற பிள்ளைக்குச் செங்கடல் பிளந்த கதை ஐயத்திற்கு இடமாயிற்று. இந்நிலையில் அவன் யூதனாகவே வாழ்வதற்குக் காரணம் யாது?

கப்லன் கண்ட விடையை 1934இல் வெளிவந்த அவரது பெருநூலின் பெயரே கூறிவிடும்: 'நாகரிகமாக யூதநெறி'. யூதநெறி என்பது நம்பிக்கைகளின் பட்டியலன்று. மொழி, நிலம், இசை, உணவு, நீதி, விழா யாவும் அடங்கிய ஒரு மக்களின் முழு வாழ்வு. அம்மக்களுக்காகச் சமயம் உள்ளதேயன்றிச் சமயத்திற்காக மக்கள் உளரல்லர். இறைவன் வானிலிருந்து ஆணையிடும் ஆளல்லன்; மனிதன் நிறைவு பெறுவதற்குத் துணையாக உலகில் இயங்கும் ஆற்றல். முன்னோர் கூற்றைச் செவிமடுத்தல் வேண்டும். முடிவை அவர்களிடமே விட்டுவிடல் ஆகாது. நூல் வெளிவருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இக்கருத்துகள் அவர் உள்ளத்தில் உருவாகத் தொடங்கிவிட்டன.

1922ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தாம் அப்பொழுதுதான் நிறுவிய சபையிலே, தம் மூத்த மகள் ஜூடித்தை அவர் மறையோத அழைத்தார். அமெரிக்காவில் நடந்த முதற் பாட் மிட்ஸ்வா இதுவே என்பர். அவளுக்கு வயது பன்னிரண்டரை. பாட்டிமார் இருவருக்கும் இது சிறிதும் உவப்பில்லை. தோராச் சுருள் ஓதப்பெற்றுச் சுருட்டப்பட்ட பின்னரே அவள் எழுந்தாள். மேடைக்குக் கீழே தள்ளி நின்று, தன் கையிலிருந்த அச்சுப் புத்தகத்திலிருந்தே படித்தாள். புரட்சிக்காரராகிய தந்தையும் அன்று பாதித் தூரமே போனார் எனலாம். ஆயினும் இடி விழவில்லை, கூரை இடியவில்லை என்று ஜூடித் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

கூரை இடியாவிடினும் தீ மூண்டது. 1945இல் கப்லனும் துணைவரும் ஓய்வு நாளுக்குரிய புதிய செபநூலொன்றை வெளியிட்டனர். இறைவன் யூதரைத் தேர்ந்தெடுத்தான் என்னும் சொற்கள் அதில் இல்லை. இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பதும் இல்லை. நம்பாத ஒன்றை இறைவன் முன் வாயால் உரைத்தல் பொய்யன்றோ என்பது அவர் வாதம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வைதிக ரபிமார் நியூயோர்க் விடுதியொன்றிலே கூடி, அறுபத்து நான்கு வயதினரான கப்லனைச் சமூகத்திலிருந்து விலக்கினர். அக்கூட்டத்தில் செபநூலின் படி ஒன்று எரிக்கப்பட்டது. யூதர் எழுதிய நூல்களைத் தெருவிலே குவித்துக் கொளுத்திய நாசி ஆட்சி வீழ்ந்து ஒரு மாதமே கழிந்திருந்தது. கப்லனைப் பெரிதும் வருத்தியது வேறொன்று. அவர் கல்லூரித் தோழர்களான லூயிஸ் கின்ஸ்பேர்க், சோல் லீபர்மன், அலெக்சாந்தர் மார்க்ஸ் மூவரும் எபிரேய இதழொன்றில் அச்செபநூலைக் கடுமையாகக் கண்டித்து எழுதினர்.

எதிர்ப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. துன்பத்தில் உழலும் மனிதன் செவிகொடுக்கும் ஒருவனையே கூவி அழைக்கின்றான். ஆற்றலை நோக்கி அழுதல் எளிதன்று. கப்லன் வழி நிற்கும் மீளமைப்பு இயக்கம் அமெரிக்க யூதப் பிரிவுகளுள் சிறியதாகவே இருந்துவருதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவ்வியக்கம் தனக்கென ரபிக் கல்லூரி ஒன்றைப் பிலடெல்பியாவிலே 1968இல் நிறுவியது. அதன் முதற் தலைவர் ஜூடித்தின் கணவர் ஐரா ஐசன்ஸ்டைன்.

ஆனால் கொள்கை தங்கிய இடத்தில் வழக்கம் தங்கவில்லை. செபக்கூடத்தோடு நூலகமும் விளையாட்டரங்கும் சேர்ந்த சமூக நிலையங்கள் நகரந்தோறும் எழுந்தன. கப்லனைக் கண்டித்த வைதிகர் நடுவிலும் இன்று பெண்பிள்ளையின் பன்னிரண்டாம் ஆண்டு கொண்டாடப்படுகின்றது. அவள் மறைப்பொருள் பற்றிச் சிற்றுரை நிகழ்த்துவதும் பல குடும்பங்களில் உண்டு. அதன் பின்னணியில் கப்லன் இருப்பதை நினைப்போர் சிலரே.

பெண்கள் ரபிமார் ஆகலாமா என்னும் வினா பின்னர் எழுந்தது. ஜெர்மனியிலே ரெஜினா யோனாஸ் 1935இலேயே அப்பட்டம் பெற்றிருந்தார். அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு 1972இலும் மீளமைப்பு இயக்கம் 1974இலும் பெண்களுக்கு அதனை வழங்கின. கப்லன் கற்பித்த கல்லூரியோ நெடுங்காலம் தயங்கியது. 1983 அக்டோபர் 24ஆம் நாள் அதன் ஆசிரியர்கள் வாக்களித்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்தனர். இரு வாரங்கள் கழித்து, நவம்பர் 8ஆம் நாள், கப்லன் தமது 102ஆம் வயதில் காலமானார். அக்கல்லூரியிலிருந்து ரபியாக வெளிவந்த முதற் பெண் ஏமி ஐல்பேர்க், ஆண்டு 1985.