சாமி படத்துல மூணு முகம்: ஒரு ராக் ஆல்பமும் நம்ம ஊர் காலண்டரும்

ஓசூர் சிப்காட்ல நண்பர் ஒருத்தர் லேத் பட்டறை வெச்சிருக்கார். போன ஆயுத பூஜைக்குப் போனப்போ, மெஷினுக்கு மேல பழைய காலண்டர் படம் ஒண்ணு தொங்கிட்டிருந்தது. விஸ்வரூபம். வரிசையா தலைகள், விசிறி மாதிரி விரிஞ்ச கைகள். எங்கேயோ பார்த்த படமாச்சேன்னு யோசிச்சேன். பொரி சாப்பிடும்போதுதான் பிடிபட்டது: காலேஜ் நாட்கள்ல பெங்களூர்ல வாங்கின ஒரு ராக் கேசட்டோட அட்டை!

'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்'. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் குழுவோட இரண்டாவது ஆல்பம். 1967 டிசம்பர் 1 அன்று பிரிட்டனில் ட்ராக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 'விராட் புருஷன் - விஷ்ணுரூபம்' என்ற அச்சுப்படம்தான் அட்டைக்கு மூலம். கார்ல் ஃபெரிஸ் எடுத்த புகைப்படத்தை வெச்சு, ரோஜர் லா மூணு பேரோட முகங்களையும் வரைந்து அந்தப் படத்துல சேர்த்தார். நடுவில் ஹென்ட்ரிக்ஸ், இரண்டு பக்கமும் நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல். 'புருஷ்' இல்லை, 'புருஷன்'. 'ரூப்' இல்லை, 'ரூபம்'. படத்தோட பெயரிலேயே தெற்கத்தி வாசனை அடிக்குது பாருங்க.

வடிவமைப்பா பார்த்தா, லாவுக்கு வேலை பாதி முடிஞ்சே கிடைச்சிருக்கு. கீதையின் 11ஆம் அத்தியாயக் காட்சியை ஒரே தாளில் அடக்கணும்னா ஓவியருக்கு ஒரு வழிதான்: நடுக்கோட்டில் பெரிய உருவம், இரண்டு பக்கமும் சமமா கைகள், சுத்தி சின்னச் சின்ன உருவங்கள். எங்கே தொடங்கினாலும் கண்ணு நடு முகத்துக்கே திரும்பி வந்துடும். அந்த இடத்துல யார் முகத்தை வெச்சாலும் அவர்தான் நாயகன்.

வேடிக்கை என்னன்னா, ஹென்ட்ரிக்ஸுக்கே இந்த அட்டை பிடிக்கலை. நாங்க மூணு பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கற மாதிரி பேசியிருக்கார். செவ்விந்திய வம்சாவளின்னு தன்னைச் சொல்லிக்கிட்டவர் அவர். அந்த 'இந்தியன்' வந்திருக்க வேண்டிய இடத்துல இந்த 'இந்தியன்' வந்துட்டான்.

47 வருஷம் கழிச்சு, 2014ல், இந்துக்கள் எதிர்ப்பு தெரிவித்ததால் மலேசிய உள்துறை அமைச்சகம் இந்த அட்டைக்குத் தடை போட்டது. "சாமி படத்தை வெச்சு வியாபாரமா?"ன்னு நாமளும் கேட்கலாம். ஆனா பட்டறைச் சுவத்துல இருக்கறது மட்டும் என்ன? கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிகள், சிவகாசியில் அச்சாகி, ஏதோ ஒரு கடையோட விளம்பரமாத்தானே நம்ம வீட்டுக்கு வந்தாங்க?

வித்தியாசம், விக்கறவர் எங்கே நிக்கிறார்ங்கறதுல இருக்கு. காலண்டர்ல சாமி மேலே. இரும்புக்கடை பெயரும் போன் நம்பரும் காலடியில். ஆல்பம் அட்டையில் விக்கறவரே சாமியோட முகம் இருந்த இடத்துல ஏறிட்டார். வலி அங்கேதான் தொடங்குது.

இது சின்ன விஷயம் இல்லைன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். 2019ல் வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூர் ஈஜிபுராவுக்குப் போன பெரிய விஸ்வரூப விஷ்ணு சிலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாத்தான் 240 சக்கர வண்டியில் ஊர்ந்து போச்சு. பிரதிஷ்டை ஆகலை, வேலைகூட முடியலை. ஆனாலும் ஹைவேயில் கற்பூரம் காட்டினாங்க. அவங்களைப் பொறுத்தவரை உருவம் வந்தாச்சுன்னா சாமி வந்தாச்சு.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருக்கு. லா பெயர் வரலாற்றுல இருக்கு, ஃபெரிஸ் பெயர் இருக்கு. அந்த விஷ்ணுவை முதலில் வரைந்தவர் பெயர் அட்டையில் இல்லை. முகம் மாறினதை எல்லாரும் பார்த்தாங்க. கை யாரோடதுன்னு யாரும் கேட்கலை.

அடுத்த வருஷக் காலண்டர் வந்ததும் பழைய படத்தைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, ஓரத்துல ஓவியர் கையெழுத்து இருக்கான்னு ஒருதடவை பாருங்க.