தலைகீழ் ரியூனிங்: மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணக் கார்கள்

1964ஆம் ஆண்டு மொன்ரே கார்லோ றலியில் பாடி ஹொப்கேர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ் முதலாவதாக வந்தது. 1965இலும் 1967இலும் மினி அதே வெற்றியைத் திரும்பவும் எடுத்தது. அந்தக் குட்டிக் காருக்குள் இருந்தது பிஎம்சி கம்பனியின் 'ஏ சீரிஸ்' எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 என்ற சாதாரண குடும்பக் காருக்காக 803 சீசீயில் செய்யப்பட்ட எஞ்சின் அது. றேஸ் கார் கட்டுகிற ஜோன் கூப்பர் அதில் கை வைத்தார். இரட்டைக் காபரேற்றர் வந்தது, அமுக்க விகிதம் ஏறியது, கார் பறந்தது.

அதே எஞ்சின் குடும்பம்தான் யாழ்ப்பாணத்தில் ஓடிய மொறிஸ் மைனர்களுக்குள்ளும் இருந்தது, 1952க்குப் பிறகு வந்தவற்றில். ஆனால் 1990களில் எங்கட ஊர்க் கராச்சுகளில் அதுக்கு நடந்த ரியூனிங் கூப்பர் செய்ததற்கு நேர் எதிர். அங்கே கூட்டினதை இங்கே குறைத்தார்கள். அங்கே முன்னுக்குத் தள்ளினதை இங்கே பின்னுக்கு இழுத்தார்கள். வேகம் எடுப்பதல்ல நோக்கம். மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு நோயாளியை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

இந்த வேலையை நாங்கள் தொழில்நுட்ப வரலாறு எண்டுதான் பார்க்கிறம். எங்கள் வீடுகளில் இது இன்னும் 'அந்தக் காலத்துப் பகிடி'யாகத்தான் இருக்கு.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு எண்டு நீண்ட பட்டியல் ஒன்று தடைக்குள் போனது. கிளாலிக் கடலேரியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனம், சாமான், சிட்டை, கடிதம் எல்லாத்தின்ர கதையும் பலர் எழுதியிருக்கினம். பெற்றோல் போத்தல் கணக்கில் வித்தது. சாதாரண ஆக்கள் கிட்டப் போகேலாத விலை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் அது இல்லாமல் சீவியம் இல்லை எண்டதால அதை முற்றாக நிப்பாட்ட முடியவில்லை. ஆக, எரியக்கூடியது எண்டு கையில் இருந்த ஒரே திரவம் அதுதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அப்போது குடாநாட்டில் இருந்த கார்கள் புதியவையாக இருந்திருந்தால் பாதிக்கு மேல் நின்ற இடத்திலேயே உக்கியிருக்கும். 1960களில் தொடங்கி 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கைக்குள் கார் வருவது மிகவும் குறைந்துபோயிருந்தது. அதால ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எண்டு 1940களிலும் 50களிலும் வந்த இங்கிலாந்துக் கார்களைத்தான் சனம் பேரன் காலம் வரைக்கும் வைத்துப் பார்த்தது. பாகம் இல்லாட்டில் கடைந்து போடுவது, இல்லாத பாகத்தை இன்னொரு காரில் இருந்து கழற்றிப் பூட்டுவது எல்லாம் பொருளாதாரத் தடைக்கு முந்தியே கராச்சுகளுக்குப் பழகிப்போன வேலை.

அந்தப் பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கு ஏன் ஒத்துவந்தன? இதுக்கு விடை யாழ்ப்பாணத்தில் இல்லை, லண்டனில் இருக்கு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரித்தானியாவில் எல்லாக் கம்பனிகளின் பெற்றோலும் ஒன்றாக்கப்பட்டு 'பூல்' எண்டு ஒரே பெயரில் விற்கப்பட்டது. அதன் ஒக்ரேன் எண் 70ஐ ஒட்டியது. போர் முடிந்தும் 1953 தொடக்கம் வரை இந்தத் தரம் குறைந்த பெற்றோல்தான் அங்கே. அந்தக் காலத்தில் வரைபடம் போட்ட பொறியியலாளர்கள் அந்தப் பெற்றோலுக்கு ஏற்ற மாதிரித்தான் எஞ்சின் செய்தார்கள். 1947இல் வந்த ஏ40 டெவனும் 1952இல் வந்த சோமசெற்றும் ஒரே 1200 சீசீ எஞ்சினில் ஓடின, அமுக்க விகிதம் 7.2க்கு 1. கூப்பர் எஸ்ஸில் அது 9க்கு 1, பிறகு அதையும் தாண்டியது. அமுக்கம் கூடினால் தரம் குறைந்த எரிபொருள் தீப்பொறி மூட்டின சுவாலை வந்து சேர முந்தித் தானாகப் பற்றி பிஸ்ரனில் சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். கராச்சில் இதுக்குப் பெயர் 'நொக்'. ஒரு நாட்டின் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்காகக் கட்டின எஞ்சின், நாற்பது வருடம் கழித்து இன்னொரு இடத்தின் போர்க்காலத் தட்டுப்பாட்டில் உயிர் தந்தது. அதைக் கட்டினவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒத்துவருவது வேறு, ஓடுவது வேறு. இடையில் நின்றவர்கள் மெக்கானிக்மார்.

முதல் பிரச்சினை ஸ்ராட் எடுப்பது. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அதைவிட நல்ல சூடு கேட்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் பிளக்தான் நனையும். இங்கேதான் எங்கட அப்பா அம்மாமார் இப்பவும் சிரித்துக்கொண்டு சொல்லுற 'சூப்பி' வருது. மூக்கு வைத்த சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சப் பெற்றோல். காபரேற்றர் வாய்க்குள் அதை ஒருக்காப் பீச்சி, உதைத்தோ சுழற்றியோ எஞ்சினை எழுப்பி, அது மூச்செடுத்து நிற்கிற அந்தச் சில விநாடிக்குள் மண்ணெண்ணெயைப் பிடிக்க வைக்கவேணும். பற்றறியும் தடை எண்டதை மறக்கக் கூடாது. பழைய இங்கிலாந்துக் கார்களுக்கு முன்பக்கம் கைபிடி போட்டுச் சுழற்ற ஓட்டை இருந்தது பெரிய புண்ணியம். ஹொண்டா சி50 போன்ற மோட்டார் சைக்கிள்களுக்கு மக்னெற்றோ இருந்ததால் பற்றறி செத்தாலும் தீப்பொறி வந்தது.

இரண்டாவது, நொக். டிஸ்ரிபியூற்றரை இளக்கிக் கொஞ்சம் திருப்பி, தீப்பொறியைப் பிந்தப் பண்ணவேணும். கூடத் திருப்பினால் கார் இழுக்காது, எஞ்சின் கொதிக்கும். குறையத் திருப்பினால் நொக் நிற்காது. அமுக்கத்தைக் குறைக்க வேணுமெண்டால் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே கெஸ்கற்றைத் தடிப்பாக்குவது ஒரு வழி. றேஸ் கராச்சில் அதே ஹெட்டை அராவி மெல்லிசாக்குவார்கள்.

மூன்றாவது, கலவை. மொறிஸ் மைனரில் இருந்த எஸ்யூ காபரேற்றரின் அடியில் ஒரு நட் உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எரிபொருளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஜெற் மாற்றாமலே இப்படி விளையாட விடுகிற காபரேற்றர் அது. ஏ சீரிஸ் எஞ்சினில் காற்று போகிற குழாயும் புகை வருகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். உள்ளே போகிற காற்று சூடானால் பலம் குறையும் எண்டு றேஸ்காரர் இதைச் சபிப்பார்கள். மண்ணெண்ணெய்க்கோ அந்தச் சூடுதான் சாப்பாடு.

பிறகு ரெஸ்ற் பண்ணுவது. நுவரெலியாவில் 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் எஞ்சினின் வலுவை மலையே சொல்லிவிடும். எங்களுக்கு மலை எங்கே? தட்டையான ஊர். ஆளையும் மூட்டையையும் ஏற்றித்தான் பாரம் காட்டவேணும். அளவுக்கருவி எண்டு பார்த்தால் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பது: மண்ணிறம் நல்லது, கறுத்த கரி எண்டால் கலவை கூட, வெளுத்திருந்தால் குறைவு, எஞ்சின் வேகுது. ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது. புகையை மணப்பது. இது உலகத்தில் எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த முறைதான். வித்தியாசம் என்னவெண்டால், கம்பனிப் புத்தகத்தில் இல்லாத எரிபொருளுக்குச் சரியான நிறமும் சரியான சத்தமும் எது எண்டதை இவர்கள் தாங்களே முடிவு பண்ணவேண்டி இருந்தது.

இந்த இடத்தில் முகநூலில் சுற்றுகிற ஒரு கதையோடு நாங்கள் முரண்படுகிறம். 'மண்ணெண்ணெயில் கார் ஓட்டலாம் எண்டு உலகத்துக்கே காட்டினவன் தமிழன்' எண்ட மாதிரிப் பதிவுகள் வருசத்துக்கு ரெண்டு தரமாவது வரும். உண்மையில்லை. பிரித்தானியாவில் 'ரீவிஓ' எண்ட மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழவு இயந்திரங்கள் பல பத்தாண்டு ஓடின. பெர்குசன் கம்பனி 1949இல் தன் சின்ன உழவு இயந்திரத்தை அதற்கென்றே ஒரு வடிவத்தில் விட்டது. பெற்றோலில் எழுப்பி, சூடானதும் மாற்றுவதுதான் அங்கேயும் முறை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. குடாநாட்டுத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கிணற்றுத் தண்ணி இறைத்த மண்ணெண்ணெய்ப் பம்புகள் 1990க்கு எவ்வளவோ முந்தியவை. அதிலும் தொடக்கத்துக்குப் பெற்றோல், ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். மீனவர்களின் வள்ளங்களில் பூட்டிய மோட்டர்களிலும் மண்ணெண்ணெய் வகை உண்டு. எனவே 1990இல் ஒருவரும் வானத்தில் இருந்து ஞானம் பெறவில்லை. தோட்டத்திலும் கடற்கரையிலும் இருந்த அறிவு றோட்டுக்கு ஏறியது. எங்களுக்கு இது தனிமேதைக் கதையைவிடப் பெறுமதியான வரலாறாகப் படுது, ஏனெண்டால் இதில் கமக்காரரும் கடற்தொழிலாளரும் பம்ப் திருத்தினவரும் பங்காளிகள்.

பெருமைக் கதை மறைக்கிற இன்னொரு பக்கமும் இருக்கு. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகிப் பெயறிங் தேயும். டிப் ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் ஏறுதெண்டால் அது நல்ல சகுனமில்லை. அடிக்கடி ஒயில் மாற்றவேணும். ஒயிலுக்கு எங்கே போவது? அந்த வருடங்கள் எத்தனையோ நல்ல எஞ்சின்களைத் தின்றன. பின்னால் சைக்கிளில் போனவர்களின் கண்ணெரிவும் இருமலும் ஒரு கணக்கிலும் வரவில்லை. எல்லாத்தையும் விட, காரும் குப்பி விளக்கும் ஒரே எண்ணெயைத்தான் கேட்டன. ஜாம் போத்தல் விளக்கில் ஏ.எல். படித்த பிள்ளையின் எண்ணெயும், வாடகைக் கார் ஓட்டினவர் தேடிய எண்ணெயும் ஒன்று. காரில் போகக் காசுள்ளவர் ஒருத்தர், அவசரத்துக்குப் பிள்ளைத்தாச்சியை ஏற்றினவர் இன்னொருத்தர். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாரும் சேர்ந்து சமாளித்தோம் எண்டு எழுதினால் அது வரலாறு இல்லை, வாழ்த்து மடல்.

இந்தச் சமூகம் கராச்சை எப்படிப் பார்த்தது எண்டதையும் சொல்லத்தான் வேணும். படித்தால் உத்தியோகம், படிப்பு ஏறாட்டில் கராச். எங்கள் தலைமுறை வரைக்கும் காதில் விழுந்த கணக்கு இது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும் கோண்டாவில் பஸ் சாலையிலும் கை பழகியவர்கள், கராச்சில் எடுபிடியாகச் சேர்ந்து பார்த்துப் பழகியவர்கள், இவர்களின் அறிவு எழுத்தில் வரவில்லை. அது உடம்பில் இருந்தது, காதில் இருந்தது. எங்கள் கலைப்பீடத்தில் போர்க்காலத்தைப் பற்றி வாசிக்க எவ்வளவோ உண்டு: ஒப்பந்தங்கள், பேச்சுவார்த்தைகள், இடப்பெயர்வுகள். எஞ்சினை மாற்றிய கையைப் பற்றி வாசிக்க ஒரு பக்கம் தேடினாலும் களைத்துப்போவீர்கள். (வரலாற்றுத்துறைக்காரர் கோவிக்க வேண்டாம், எங்களுக்குள்ளேயும் ரெண்டு பேர் இருக்கினம்.) அந்தக் காலத்தில் முப்பது வயதில் இருந்த மெக்கானிக்குக்கு இப்ப அறுபதைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவோடு போய் இருந்து கேட்க வேண்டிய காலம் இது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது வாகனம் வைத்திருந்தவர்களும் நெரிசலில் நடையோடு நடையாகத்தான் ஊர்ந்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்ததும் பெற்றோல் வந்தது, ஜப்பான் வான்கள் வந்தன, லீசிங் வந்தது. யாழ். நகரில் வாடகைக்கு நின்ற ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் கொஞ்சக் காலம் வெளிநாட்டுக்காரரின் கமராவுக்கு நின்றுவிட்டு ஒதுங்கின. 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி மூட, பெற்றோல் திரும்ப வரிசைக்கும் பங்கீட்டுக்கும் வந்தது.

பிறகு 2022. இந்த முறை முழு இலங்கையும் வரிசையில் நின்றது, கியூஆர் காட்டி லீற்றர் கணக்கில் அடித்தது. எங்கட வீடுகளில் சூப்பிக் கதை திரும்ப எழும்பினது அப்பதான். ஆனால் இப்ப வாற மோட்டார் சைக்கிள்கள் பலதில் காபரேற்றரே இல்லை. எரிபொருளை ஊசியால் பீச்சுறதும் தீப்பொறியின் நேரத்தைப் பிடிக்கிறதும் ஒரு சின்னக் கணினி. திருப்ப டிஸ்ரிபியூற்றரும் இல்லை, திருக நட்டும் இல்லை. மண்ணெண்ணெயும் பழைய மண்ணெண்ணெய் இல்லை: அந்த வருடம் ஓகஸ்ற்றில் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. அந்த விலையைக் கட்டினது கார்க்காரர் இல்லை, வள்ளம் வைத்திருந்தவர்களும் இன்னும் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கிற வீடுகளும்தான்.