பக்கமே இல்லாத இடத்தில் அடிக்குறிப்பு

ஓலைச்சுவடியில் அடிக்குறிப்பு கிடையாது. பாட்டு முடிய அதே வரியில் உரை தொடங்கும். எது எங்கே முடிகிறது என்று வாசிக்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேணும். தாளில் அச்சிடத் தொடங்கிய பிறகுதான் குறிப்புக்குப் பக்கத்தின் கீழே தனி இடம் கிடைத்தது.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டு உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் வந்தது. ஐயர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு சொல் இன்னோர் ஏட்டில் வேறு மாதிரி இருந்தால், அதைப் பிரதிபேதம் என்று எண் போட்டுப் பக்கத்தின் அடியில் தருவார். தான் தேர்ந்த பாடத்துக்கு எதிரான சாட்சியைத் தானே விட்டுவைக்கிற வேலை இது. எங்களுக்கு அவரில் பிடித்ததும் இதுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஓலைச்சுவடிகளும் எரிந்தன. ஓர் ஏடு அப்படிப் போய்விட்டால், அதில் இருந்த சொல்லுக்கு அந்தச் சின்ன எழுத்துக் குறிப்புத்தான் மிச்சம்.

1998 பொங்கலோடு மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். நூலகம் திட்டம் பெரும்பாலும் பக்கங்களைப் படமாக வருடி வைப்பதால், அங்கே குறிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தட்டச்சு செய்த வெறும் உரைக்கோப்பில் பக்கமே இல்லையே! குறிப்பை வரிக்குள்ளேயே அடைப்புக்குறியில் போட வேணும், இல்லாட்டிக் கடைசியில் குவிக்க வேணும். திரும்பவும் ஓலைக் காலம் மாதிரித்தான்.

களுபோவிலயில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பழைய உரைநூலைத் தட்டச்சு செய்து வருகிறோம். வரிக்குள் இருக்கும் குறிப்புகளைப் பிரித்து, சொல்லில் எண் போட்டு, கடைசிக்கு அனுப்ப ஒரு பைதன் நிரல் எழுதினோம். பத்து வரிதான். ஆனால் பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்த எழுத்தும் அடைப்புக்குறிக்குள்தான் வரும். நிரலுக்கு எல்லா அடைப்புக்குறியும் ஒன்று. மூலத்தில் இருக்க வேண்டிய எழுத்தையும் குறிப்பு என்று தூக்கிவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது. அதனால் குறிப்புக்கு மட்டும் இரட்டைச் சதுர அடைப்பு. அதை ஆள்தான் பார்த்துப் போட வேணும். (ஏஐயிடம் குடுக்கலாமே என்று கேட்ட நண்பர்தான் இப்போது அதைச் செய்கிறார்.)

இன்னொன்று எண். அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பு ஒன்றிலிருந்து தொடங்கும்; கோப்பில் தொடர்ந்து ஓடும். பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்று "ப. 12, குறிப்பு 3" என்று சொன்னால் எங்கே போய்த் தேடுவது? ஆகவே நிரல் புது எண்ணோடு பழைய பக்கத்தையும் பழைய எண்ணையும் ஒவ்வொரு குறிப்பின் முன்னாலும் எழுதிவைக்கும்.