இளையராஜாவின் தனி இசைத் தொகுப்புகள்: முதலிடம் எதற்கு?

1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பத்தாண்டு கழித்தே திரைக்கு வெளியே இசைத் தொகுப்பொன்றைத் தந்தார். அது 1986இன் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பணம், வயலின் வி. எஸ். நரசிம்மன். கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் கசற்றில் படப்பாட்டு அடித்து வாங்கிப் பழகிய காதுகளுக்கு அது புதுச் சங்கதி. என் கணக்கில் அதுவே முதலிடம்: இரு மரபுகளும் மோதுகின்றன, ஒன்றுக்கொன்று செவியும் சாய்க்கின்றன. 1988இன் 'நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலுக்காகவே இரண்டாவது. 2005இல் வந்த 'திருவாசகம்' பலருக்கு உச்சம், எனக்கோ மூன்றாவதுதான். புடாபெஸ்ட் வாத்தியக் குழுவின் பெருக்கில் மணிவாசகரின் உருக்கம் அமிழ்ந்து போகிறது. 2025 மார்ச் 8இல் லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81. அதற்கு இடம் சொல்ல இன்னும் பலமுறை கேட்கவேண்டும்.